கீற்றுப் பந்தலும் தீயும்: டெல்டாவில் பந்தல் போடுமுன் பார்க்க வேண்டியவை

சவுக்குக் கால், மூங்கில் கட்டு, தென்னங்கீற்று, உள்பக்கம் சீலிங் துணி. திருச்சியிலிருந்து நாகை வரை கல்யாணமோ காதுகுத்தோ கும்பாபிஷேகமோ எதுவானாலும் பெரும்பாலும் இந்த நான்கும் சேர்ந்ததுதான் கூரை. நான்குமே எரியக்கூடியவை. காங்கிரீட் மண்டபத்துக்கு விதி கேட்பவர்கள்கூட, நாலு நாள் நிற்கப் போகிற பந்தலுக்கு விதி எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். பந்தலுக்கென்றே தனியாக இந்தியத் தரநிர்ணயம் இருக்கிறது: ஐஎஸ் 8758. தீயணைப்பு நிலையத்தில் அனுமதி கேட்கப் போனால் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை அதை ஒட்டியவைதான்.

இந்த விதிகள் எதற்கு என்பதற்கு டெல்டாவுக்குள்ளேயே மூன்று ஊர்கள் சாட்சி. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த பந்தல் பற்றி, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையல்கூடத்தின் கீற்றில் பிடித்த தீ மாடி வகுப்பறைகளின் கீற்றுக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. மூன்றிலும் கூரை கீற்று. மூன்றிலும் கூட்டம் அதிகம், வழி குறைவு.

ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கீற்றுக் கூரையில் பரவிய தீயை வாளித் தண்ணீரால் அணைக்க முடியாது. கீற்று மெல்லியது, இலைக்கு இலை காற்று நிற்கிறது, சூடு மேலே ஏறுவதால் கூரையின் அடிப்பக்கமாகவே தீ ஓடுகிறது. சில நிமிடங்களில் பந்தல் முழுக்கப் போய்விடும். எனவே திட்டமெல்லாம் இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான்: தீ கூரையைத் தொடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, தொட்டுவிட்டால் கடைசி ஆள் வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும். தீயணைப்பான், மணல் வாளி எல்லாம் தீ தரை மட்டத்தில் இருக்கும் முதல் நிமிடத்துக்கு மட்டும்தான்.

இடமும் இடைவெளியும்

பந்தலைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 3 மீட்டர் வெட்டவெளி வேண்டும், 4.5 மீட்டர் கிடைத்தால் நல்லது. டிரான்ஸ்பார்மர், துணை மின்நிலையம், ரயில் பாதை, செங்கல் சூளை, ரைஸ்மில் புகைபோக்கி இவற்றிலிருந்து 15 மீட்டர். மின்கம்பிக்கு நேர் கீழே பந்தல் போடவே கூடாது. கம்பி உயரமாகத்தான் போகிறது என்ற சமாதானம் செல்லாது; காற்றில் இரண்டு கம்பி உரசி விழும் பொறி நேராகக் கீற்றில்தான் விழும்.

அக்ரகாரத்திலும் கடைவீதியிலும் 3 மீட்டர் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழைய ஓட்டு வீடுகளில் பந்தலின் கீற்றைத் திண்ணைத் தாழ்வாரத்துக்குள் செருகிவிடுவது பழக்கம். அப்படிச் செய்தால் பந்தலில் பிடித்த தீ ஓட்டுக்கு அடியில் நுழைந்து, ஓட்டைத் தாங்கும் கைமரத்தையும் ரீப்பரையும் பிடிக்கும். ஓடு மேலே மூடியிருப்பதால் வெளியிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் மரத்தில் படாது, வீடே போகும். இடம் இல்லாத தெருவில் வீட்டை ஒட்டிய முதல் 10 அடிக்குக் கீற்றும் துணியும் வேண்டாம். அந்தப் பகுதியைத் திறந்தே விடுங்கள். மழை, வெயில் கருதி மூடித்தான் ஆக வேண்டுமென்றால் தகரம் போடுங்கள். தெரு முழுக்க ஒரே நீளமாகப் போடும் பந்தலையும் இதேபோல 60 அடிக்கு ஒருமுறை நான்கைந்து மீட்டர் திறந்த இடைவெளி விட்டு வெட்ட வேண்டும். அழகு கொஞ்சம் கெடும். ஆனால் ஒரு கோடியில் பிடித்த தீ மறு கோடிக்குப் போகாது.

தெருவை முழுக்க அடைக்காதீர்கள். தீயணைப்பு வண்டி வர 15 அடி அகலமும், அலங்கார வளைவுக்குக் கீழே 15 அடி உயரமும் இருக்கட்டும்.

உயரம்: மிகத் தாழ்ந்த இடத்திலும் கூரை 3 மீட்டருக்குக் குறையக் கூடாது. சீலிங் துணி கட்டினால் அந்த 3 மீட்டர் துணியிலிருந்து கணக்கு, கீற்றிலிருந்து அல்ல. தீயில் முதலில் ஆளைச் சாய்ப்பது புகை. அது கூரைக்கடியில் சேர்ந்து கீழ்நோக்கி இறங்கும். கூரை எவ்வளவு உயரமோ, புகை மூக்கு மட்டத்துக்கு வர அவ்வளவு தாமதமாகும்.

வெளியேறும் வழி

30 அடிக்கு 60 அடிப் பந்தலை எடுத்துக்கொள்வோம். 1,800 சதுர அடி, ஏறக்குறைய 167 சதுர மீட்டர். நாற்காலி போட்டு உட்காரவைத்தால் தலைக்கு 0.6 சதுர மீட்டர் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு; அதன்படி சுமார் 280 பேர். பந்திப் பந்தலென்றால் தலைக்கு 1.5 சதுர மீட்டர், 110 பேர். முகூர்த்த நேரத்தில் நம் ஊரில் எத்தனை பேர் நிற்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அந்த எண்ணிக்கைக்குத்தான் வழி வைக்க வேண்டும், பத்திரிகை அடித்த எண்ணிக்கைக்கு அல்ல.

பந்தலில் எங்கே உட்கார்ந்திருந்தாலும் 15 மீட்டருக்குள் ஒரு வழி இருக்க வேண்டும். 60 அடி என்பது 18 மீட்டருக்கு மேல். அப்படியானால் ஒரு கோடியில் மட்டும் வாசல் வைத்த 60 அடிப் பந்தல் அந்த ஒரே காரணத்தால் தவறானது. இங்கேதான் நம் பழக்கம் குறுக்கே வருகிறது. மணவறை கிழக்கு பார்த்து இருக்க வேண்டும் என்பதால் மேற்குக் கோடி முழுக்கப் பின்திரை, தெர்மாகோல், பூ அலங்காரம் என்று அடைத்துவிடுகிறார்கள். பெண், மாப்பிள்ளை, சாஸ்திரிகள், நெருங்கிய சொந்தம், போட்டோக்காரர் எல்லோரும் அங்கேதான் நெருக்கியடித்து நிற்பார்கள். ஹோமமும் அங்கேதான். அதாவது நெருப்பும் கூட்டமும் ஒரு கோடியில், வாசல் மறு கோடியில்.

செய்ய வேண்டியது: மணவறைக்கு இரண்டு பக்கமும், பின்திரைக்கும் பக்கத் தட்டிக்கும் நடுவே, ஆளுக்கு நேராகத் தெரிகிற மாதிரி ஒரு வழி. பக்கவாட்டில் நடுவில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. முன்வாசல் தனி. ஒவ்வொன்றும் குறைந்தது 1.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். முன்வாசல் 8 அடிக்குக் குறைய வேண்டாம். இவற்றின் குறுக்கே திரை தொங்கக் கூடாது. மணவறைக்குப் பின்னால் ஜெனரேட்டரையோ பாத்திர மூட்டையையோ போட்டு அந்த வழியை அடைத்துவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. பந்தல்காரர் போன பிறகு நடப்பதால் அவரைக் கேட்டும் பயனில்லை. கல்யாண வீட்டில் யாராவது ஒருவர் காலையில் ஒருமுறை சுற்றிவந்து பார்க்க வேண்டும்.

மாடு, நாய் நுழையும் என்று பக்கவழியை மூடித்தான் ஆக வேண்டுமென்றால், தட்டியை ஆணி அடித்தோ கம்பி முறுக்கியோ நிறுத்தாதீர்கள். நுனியை இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகத் தேங்காய்நார்க் கயிற்றில் இடுப்பு உயரத்தில் கட்டி, நுனியில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள்.

முன்வாசலில் நிற்பவற்றைப் பாருங்கள்: இரண்டு வாழைமரம், வளைவு, சந்தனம் கற்கண்டு வைத்த மேசை, அதைச் சுற்றி நான்கு பேர், செருப்புக் குவியல், வெளியே வரிசையாக இருசக்கர வண்டிகள். 8 அடி வாசலில் உண்மையில் நடக்க மிஞ்சுவது 3 அடி. வரவேற்பு மேசையை வாசலுக்கு வெளியே பக்கவாட்டில் போடுங்கள். செருப்புக்குத் தனி இடம், வண்டிக்கு 10 மீட்டர் தள்ளி.

உள்ளே வரிசைக்கு 12 நாற்காலிக்கு மேல் வேண்டாம். பத்து வரிசைக்கு ஒருமுறை 1.5 மீட்டர் குறுக்கு நடைபாதை. மேடைக்கு முன்னாலும் அதே அளவு. நான்கு நான்கு நாற்காலியாகக் கால்களைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். தனித்தனியாகக் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலி பதற்றத்தில் உருண்டு காலைத் தட்டும்; ஒருவர் விழுந்தால் அவர்மேல் பத்துப் பேர் விழுவார்கள். தீப் படாமலே சாவு விழுவது இப்படித்தான். வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரர்களையும் மரியாதைக்காக முதல் வரிசையில் உட்காரவைப்பதைவிட, பக்கவழிக்கு அருகில் உட்காரவைப்பதே அவர்களுக்குச் செய்யும் நல்லது.

கயிறு, கீற்று, துணி

கட்டுக்குத் தேங்காய்நார்க் கயிறு மட்டும். நைலான், பிளாஸ்டிக் கயிறு மலிவு, வேகமாகவும் கட்டலாம். பந்தல் வேலையாட்களுக்குப் பிடித்தமானது. ஆனால் சாதாரண பிளாஸ்டிக் கயிறு சுமார் 165 டிகிரியிலேயே உருகிவிடும். கூரையில் தீ ஓடத் தொடங்கியதும் அந்தச் சூடு முடிச்சுகளை எட்ட அதிக நேரம் ஆகாது. மூங்கில் எரியும் முன்பே கட்டு விட்டு, எரிகிற கூரை மொத்தமாகத் தலையில் இறங்கும். நார்க் கயிறு உருகாது, கருகும். அதனால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். முக்கியமான கட்டுகளில், அதாவது காலும் குறுக்குக் கழியும் சேரும் இடங்களில், கூடவே இரண்டு சுற்று கட்டுக்கம்பியும் போட்டுவிட்டால் கூரை இறங்குவது இன்னும் தள்ளிப் போகும்.

கீற்று புதிதாக முடைந்ததாக இருந்தால் ஊறிய ஈரம் கொஞ்ச நாள் இருக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமிருந்து வந்திறங்கிய புதுக் கீற்றுக்கும், மூன்று கல்யாணம் பார்த்த பழைய கீற்றுக்கும் தீப் பிடிக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம். சித்திரை வெயிலில் பத்து நாள் முன்னதாகவே பந்தல் போட்டுவிட்டால் புதுக் கீற்றும் முகூர்த்தத்துக்குள் சருகாகிவிடும். இரண்டு மூன்று நாள் முன்பு போட்டால் போதும். காலையில் கூரைமேல் தண்ணீர் தெளிப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் வெயிலில் அந்த ஈரம் சீக்கிரமே போய்விடும். அடிப்பக்கம் நனைந்திருக்கவே செய்யாது. அதை நம்பி வேறு எதையும் குறைக்காதீர்கள்.

சீலிங் துணியும் பக்கத் திரையும் பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர், நைலான் துணி உருகிச் சொட்டும். சொட்டு எரிந்துகொண்டே விழும். தோலில் ஒட்டினால் உரியும். இன்னொரு கெடுதல் துணி எதுவானாலும் உண்டு. கீற்றுக்கும் துணிக்கும் நடுவில் பிடித்த தீ, துணி ஓட்டையாகும் வரை கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. எனவே துணியை ஒரே விரிப்பாகக் கட்டாமல் ஆங்காங்கே ஒரு முழ இடைவெளி விட்டுக் கட்டுங்கள். புகை தெரியும், காற்றும் வரும்.

பருத்தித் துணிக்குத் தீத்தடுப்புக் கரைசல் வீட்டிலேயே தயாரிக்கலாம். எடைக் கணக்கில்:

அம்மோனியம் சல்பேட் – 4 கிலோ
அம்மோனியம் கார்பனேட் – 2 கிலோ
வெங்காரம் (போராக்ஸ்) – 1 கிலோ
போரிக் அமிலம் – 1 கிலோ
படிகாரம் – 2 கிலோ
தண்ணீர் – 35 லிட்டர்

அம்மோனியம் சல்பேட் உரக்கடையிலேயே கிடைக்கும், நெல்லுக்குப் போடுவதுதான். படிகாரத்தையும் வெங்காரத்தையும் முதலில் கொஞ்சம் சுடுநீரில் கரைத்து, ஆறிய பிறகு பெரிய தொட்டியில் சேருங்கள். அம்மோனியம் கார்பனேட்டைக் கடைசியில், திறந்தவெளியில், தண்ணீர் முழுக்க ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சூட்டில் போட்டால் நெடி தாங்காது, சரக்கும் ஆவியாகிப் போகும். படிகாரத்தோடு சேரும்போது நுரைத்துப் பொங்கும் என்பதால் தொட்டியில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். கலங்கலாகத் தெரிந்தால் கலக்கிக்கொண்டே நனையுங்கள். கஞ்சி போன பழைய துணி நன்றாக உறிஞ்சும். புதுத் துணியென்றால் ஒருமுறை அலசிக் கஞ்சியைப் போக்கிவிட்டு நனையுங்கள். நன்றாக ஊறவிட்டு, லேசாகப் பிழிந்து நிழலில் உலர்த்த வேண்டும்.

சோதனை: ஓரத்தில் இரண்டு விரல் அகலம், ஒரு அடி நீளம் வெட்டி, வெளியே எடுத்துப் போய்க் கீழ்முனையில் பன்னிரண்டு வினாடி தீக்குச்சியைக் காட்டுங்கள். சுடரை விலக்கியதும் இரண்டு வினாடிக்குள் தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால் மறுபடி ஊற வையுங்கள். மழையில் நனைந்தாலோ துவைத்தாலோ எல்லாம் கரைந்து போய்விடும், திரும்பவும் முக்க வேண்டும். இரும்பையும் செம்பையும் இந்த உப்பு அரிக்கும். நனைத்த துணியில் மின் ஒயர் படாமல் பாருங்கள். பாலியெஸ்டர் துணி இதை உறிஞ்சாது. கீற்றின் மேல்தோலில் மெழுகு மாதிரிப் படலம் இருப்பதால் அதன்மேல் தெளித்தாலும் பெரிதாகப் பிடிக்காது, பெயருக்குத்தான்.

கரண்ட்

தற்காலிக இணைப்பை மின்வாரியத்தில் பணம் கட்டி வாங்குங்கள். கம்பத்தில் கொக்கி போட்டு எடுக்கும் கரண்டுக்கு இடையில் பாதுகாப்பு எதுவும் இருக்காது.

மொத்தச் சுமையை முன்கூட்டியே எழுதிக் கூட்டுங்கள். எல்இடி டியூப் 20, தலா 20 வாட், 400. போகஸ் விளக்கு 6, தலா 100 வாட், 600. பெரிய ஸ்டாண்ட் மின்விசிறி 15, தலா 150 வாட், 2,250. மைக் செட் 500, சீரியல் செட் 300. கூட்டினால் 4,050 வாட். 230 வோல்ட்டில் சுமார் 17.6 ஆம்ப். இதற்கு மெயின் கேபிள் 6 சதுர மில்லிமீட்டர் செம்பு, 25 ஆம்ப் எம்சிபி (சுமை கூடினால் தானாக விழும் சுவிட்ச்), அதோடு 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் கரண்டை வெட்டும் சுவிட்ச்). அங்கிருந்து ஐந்து தனி சர்க்யூட்: விளக்குக்கு இரண்டு, விசிறிக்கு இரண்டு, மைக்குக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், 10 ஆம்ப் எம்சிபி. எர்த் தனியாகக் குழி வெட்டிப் போட வேண்டும்.

கணக்கு கெடுவது முந்தின நாள் சாயங்காலம்தான். ஐஸ்கிரீம் பெட்டி வரும், பாப்கார்ன் மிஷின் வரும், பெண்ணுக்குத் தலை அலங்காரம் செய்பவர் ஒரு சூடாக்கியைச் செருகுவார். ஒரு 1,500 வாட் ஹீட்டர் மட்டுமே ஆறரை ஆம்ப் இழுக்கும். எம்சிபி விழும். உடனே எலக்ட்ரீஷியனிடம் எல்லோரும் கத்துவார்கள். அவர் 10 ஆம்ப் எம்சிபியைக் கழற்றிவிட்டு 32 ஆம்ப் மாட்டுவார், விழுவது நிற்கும், எல்லோருக்கும் திருப்தி. எம்சிபி ஒயரைக் காப்பாற்ற இருப்பது. ஒயரின் தடிமனுக்கு மேல் எம்சிபி போட்டால் இனி ஒயர்தான் உருகும், அதுவும் கீற்றுக்குள். கூடுதல் சுமை வந்தால் கூடுதல் ஒயர் இழுத்துத் தனி எம்சிபி போடுவது ஒன்றே வழி.

எம்சிபி காப்பாற்றாத ஒரு கோளாறும் உண்டு: தளர்ந்த ஜாயிண்ட். இரண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றிய இடத்தில் பிடிப்பு தளர்ந்தால் அந்த ஒரு புள்ளி மட்டும் சுட ஆரம்பிக்கும். ஓடும் ஆம்ப் வழக்கமான அளவுதான் என்பதால் எம்சிபி விழாது. சூடு ஏற ஏற டேப் உருகும், செம்பு கறுக்கும், இன்னும் சுடும், கடைசியில் பொறி பறக்கும். பந்தலில் இந்த ஜாயிண்ட்டைக் கூரைக்குள் செருகி மறைப்பதுதான் வழக்கம், வெளியே தெரிந்தால் அசிங்கமாம். மறைக்கக் கூடாது. ஜாயிண்ட் எல்லாம் காலோரம், ஆள் உயரத்தில், பெட்டிக்குள், திருகு இறுக்கிய கனெக்டரில் இருக்க வேண்டும். மேலே போகும் ஒயர் துண்டில்லாமல் முழுசாகப் போகட்டும். கீற்றோடு சேர்த்துக் கட்டாமல் பிவிசி குழாய்க்குள், கீற்றிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கழிமேல் ஓட்டுங்கள். ஆணி அடித்து மடக்கிப் பிடிப்பது கூடாது; ஆணி ஒயரின் தோலைக் கிழிக்கும். விளக்கெல்லாம் ஓடத் தொடங்கி அரைமணி கழித்து ஒவ்வொரு பெட்டியின் மேலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் அணைத்து இறுக்குங்கள்.

ஹாலஜன் போகஸ், பழைய வீடியோ விளக்கு இரண்டையும் பந்தலுக்குள் விடாதீர்கள். பல்பின் மேற்பரப்பு 250 டிகிரிக்கு மேல் போகும். கீற்றோ திரையோ பட்டால் சுடரே தேவையில்லை. வீடியோக்காரரிடம் எல்இடிதான் என்று முன்பே பேசிவிடுங்கள்.

ஜெனரேட்டர் பந்தலுக்கு வெளியே, பந்தலைத் தாண்டிக் காற்று போகும் பக்கம், புகைக்குழாய் பந்தலைப் பார்க்காமல் நிற்க வேண்டும். ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுத்தான் டீசல் ஊற்ற வேண்டும். மெயின் சுவிட்ச் பந்தலுக்கு வெளியே, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில். ராத்திரி நேரத்தில் மெயினை அணைத்தால் இருட்டிவிடும், அதனால் ஒவ்வொரு வழிக்கு மேலும் பேட்டரியில் எரியும் ஒரு விளக்கு வேண்டும்.

அடுப்பு, யாககுண்டம், வெடி

சமையல் கொட்டகை கீற்றில் வேண்டவே வேண்டாம். தகரம், அல்லது மேலே திறந்த இடம். பந்தலிலிருந்து 10 மீட்டர் தள்ளி. எந்தப் பக்கம் என்பதைக் காற்று சொல்லும். வைகாசி, ஆனியில் மேல்காற்று. தை, மாசியில் வாடை. பெரியவர்கள் சொல்கிற அக்னி மூலை, அதாவது தென்கிழக்கு, இந்த இரண்டு காற்றிலும் பொறியைப் பந்தல்மேல் போடாது. ஆனால் நாகை, வேதாரண்யம் பக்கம் கோடைச் சாயங்காலத்தில் கடல்காற்று கிழக்கிலிருந்து எழும்போது அதே அக்னி மூலை தவறான மூலையாகிவிடும். அங்கே மாலை வரவேற்புக்கான சமையலை வேறு பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்.

வணிகச் சிலிண்டர் 19 கிலோ. நிமிர்ந்தே நிற்க வேண்டும், படுக்கவைக்கக் கூடாது. அடுப்பின் அனல் படாத தூரத்தில், தகரத் தடுப்புக்கு மறுபக்கம் வையுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள குழாய், இரண்டு முனையிலும் கிளிப். ரெகுலேட்டர் மாட்டியதும் சோப்பு நுரை தடவி குமிழி வருகிறதா பாருங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஓடிப் பள்ளத்திலும் வாய்க்காலிலும் தேங்கும். அப்பளம் பொரிக்கிற எண்ணெயில் தீப் பிடித்தால் கேஸை மூடிவிட்டுப் பெரிய தட்டால் கடாயை மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரிகிற எண்ணெய் கூரை உயரம் எழும்.

யாகசாலையில் குண்டத்துக்கு நேர் மேலே கீற்று இருக்கக் கூடாது. அந்தப் பகுதியை மட்டும் உயர்த்தி, சுற்றிலும் புகை போக இடம் விட்டு, தகரக் குடை போடுங்கள். சாதாரண நேரத்துச் சுடரை வைத்து உயரத்தை முடிவு செய்யாதீர்கள். பூர்ணாஹுதியில் நெய்யும் பட்டும் சமித்தும் சேர்ந்து விழும்போது எழும் சுடர்தான் கணக்கு. கூட்டம் உச்சத்தில் இருப்பதும் அதே நிமிடம்தான். அந்த நேரத்தில் குண்டத்துக்கு ஒருவர் வீதம் ஈரச் சாக்கோடு நிற்கட்டும். நெய் டின், சமித்துக் கட்டு, வஸ்திரம் எல்லாவற்றையும் குண்டத்திலிருந்து தள்ளி வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

வாணம், ராக்கெட் கீற்றுப் பந்தல் உள்ள தெருவில் கூடவே கூடாது. சரவெடி வெடித்தே ஆக வேண்டுமென்றால் ஊர்வலம் பந்தலை நெருங்கும் முன்பே முடிந்துவிட வேண்டும்.

தண்ணீரும் ஆட்களும்

தரைப்பரப்புச் சதுர மீட்டருக்கு 0.75 லிட்டர் என்பது குறைந்த அளவு. நம் 167 சதுர மீட்டர் பந்தலுக்கு 125 லிட்டர்தான் வருகிறது. அதோடு நிற்காதீர்கள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு 200 லிட்டர் டிரம், மூன்று வாளி. சமையலுக்கு அதிலிருந்து மொண்டு போய்விடுவார்கள், டிரம்மில் சிவப்பு அடித்துவிடுங்கள். ஏபிசி பவுடர் தீயணைப்பான் 6 கிலோ, ஐஎஸ் 15683 முத்திரையோடு, ஒவ்வொரு வழியிலும் ஒன்று. மெயின் போர்டு அருகே கார்பன் டை ஆக்சைடு ஒன்று. பவுடர் தீயணைப்பானின் அழுத்தமானி முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். 6 கிலோ பவுடர் இருபது வினாடி போல வரும், அவ்வளவுதான். சுடரின் அடியைப் பார்த்துப் பீய்ச்ச வேண்டும்.

டெல்டாவில் ஒரு வசதி உண்டு, தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும். வாய்க்காலிலோ குளத்திலோ ஒரு டீசல் இன்ஜினை இறக்கி, பந்தல் வரை குழாய் இழுத்து, ஒருமுறை ஓட்டிப் பார்த்து வையுங்கள். போர்வெல் மோட்டாரை நம்பினால், மெயினை அணைத்ததும் அதுவும் நின்றுவிடும். தனி இணைப்பில் ஓடுவதாக இருக்க வேண்டும். நீளமான அலக்கு இரண்டு, நுனியில் கொக்கியோடு: பற்றாத கீற்றை இழுத்துப் போட்டுத் தீ பக்கத்து வீட்டுக்குப் போகாமல் வெட்டிவிட உதவும். கூட்டம் வெளியேறிய பிறகு மட்டும்.

நான்கு ஆட்களைப் பெயர் சொல்லி நியமியுங்கள். ஒருவர் மெயின் சுவிட்ச். ஒருவர் 101க்கோ 112க்கோ போன். ஊர், தெரு, அருகில் தெரியும் அடையாளம், வண்டி வர வேண்டிய வழி இவற்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் மணவறைப் பக்க வழிகளைத் திறக்க. நான்காமவர் மேளத்தை நிறுத்த. கெட்டிமேளம் முழங்கும்போது யார் கத்தினாலும் கேட்காது. மெயினை அணைத்தால் மைக்கும் போய்விடும். பேட்டரி மைக் ஒன்று கையில் இருக்கட்டும். புகை இறங்கிவிட்டால் குனிந்து, தவழ்ந்து வெளியேறச் சொல்லுங்கள். சேலையில் பிடித்தால் ஓடவிடாமல் படுக்கவைத்து உருட்டுங்கள். தீப்புண்ணில் இருபது நிமிடம் குளிர்ந்த சாதாரணத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மாவு, மை, பற்பசை வேண்டாம்.

மாடிக் கொட்டகை

மண்டபத்திலும் மெஸ்ஸிலும் டியூஷன் சென்டரிலும் மொட்டை மாடியில் கீற்றுப் போடுவது இன்னும் தொடர்கிறது. மேலே சொன்ன எதுவும் அங்கே முழுதாகப் பொருந்தாது. ஏனென்றால் பக்கவழி திறந்தால் கீழே விழத்தான் இடம். கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்ற அரசு உத்தரவிட்டது; மற்ற இடங்களிலும் ஆள் கூடும் மாடியில் கீற்று வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நிழலுக்கு இரும்புச் சட்டத்தில் தகரமோ ஓடோ போடுங்கள்; வெக்கைக்குக் கூரையைப் பத்தடி உயர்த்தி நாலு பக்கமும் திறந்து விடுங்கள். தகரம் போட்டாலும் படிக்கட்டுக் கணக்கு மாறாது: விடுதி, பள்ளிக்கு 1.5 மீட்டர் அகலம், கூட்டம் கூடும் இடத்துக்கு 2 மீட்டர், அதுவும் ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு படிக்கட்டு. படிக்கட்டுக்கு அடியில் சமையலோ, சிலிண்டரோ, மின் மீட்டர் பெட்டியோ இருக்கக் கூடாது. தீ கீழே பிடித்தாலும் புகை ஏறும் முதல் வழி படிக்கட்டுதான்.

அனுமதிக்குப் பந்தலின் அளவு, வழிகள், சமையல் இடம், மெயின் சுவிட்ச் இவற்றைக் குறித்த ஒரு கைவரைபடத்தோடு உள்ளூர்த் தீயணைப்பு நிலைய அலுவலரைப் பாருங்கள். காவல் நிலையத்துக்கும் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ ஒரு நகல். முன்தினம் வந்து பார்க்கச் சொல்லிக் கேட்டால், தவறான இடத்தில் நிற்கும் ஜெனரேட்டரை அவர்களே காட்டிவிடுவார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் முதலில் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மறுநாளே பிரிக்கத் தொடங்குங்கள். ஆளில்லாமல் நிற்கும் காய்ந்த பந்தலில் சின்னப் பையன்களின் மிச்ச வெடி போதும். ஹோமகுண்டத்துச் சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையில் எடுக்கிற அளவு ஆறிய பிறகே அள்ளுங்கள். பிரித்த கீற்றை வீட்டுச் சுவரோரம் அடுக்காமல் களத்துக்கோ தோப்புக்கோ ஏற்றிவிடுங்கள்.